ரெண்டு சுற்றுக்கு ஏழு நிமிடம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. உத்திரமேரூர் பஜாரில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் என் அத்தா ஹபீபுல்லா, "எங்க ஷப்ரீனுக்குக் கால்ல ஃபேன் மோட்டாரு கீது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பி.இ. முடித்து இரண்டு வருடமாக வேலை இல்லாமல் வீட்டுக்குள் நடந்து நடந்து, கூடத்துத் தரைதான் தேய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் சென்னையில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து சாம்சன் என்பவர் போன் செய்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் கோடை ரோபோ முகாம், நடத்திக்கொடுக்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். என்ன ஏது என்று கேட்காமல் சரி என்றேன்.

இடம், மில் முதலாளி எல்லப்பன் கட்டிய கல்யாண மண்டபம். அந்தப் பத்து நாளில் முகூர்த்தம் இல்லை என்பதால் சாப்பாட்டுக் கூடத்தைச் சும்மா கொடுத்திருந்தார். மண்டபத்துக்கு நேர் பின்னால் அவருடைய அரிசி மில். ஒரு பக்கம் கை கழுவும் குழாய் வரிசை, இன்னொரு பக்கம் மடக்கி வைத்த சாப்பாட்டு மேஜைகள், நடுவில் ஒரே ஒரு ஃபேன், சுவரெல்லாம் பழைய சாம்பார் வாசனை. வெளியே கத்திரி வெயில். உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள். மூன்று மூன்று பேராகப் பிரித்ததில் ஏழு குழு ஆயிற்று, ஒரே ஒரு பெண் மிச்சமாக நின்றாள். காவாந்தண்டலத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஏழாம் வகுப்புப் பெண். பெயர் அம்முலு.

"நீ ஏதாவது ஒரு குழுவுல சேர்ந்துக்கோ."

"வாணா மிஸ். நானே பண்ணிக்கிறேன்."

சாம்சன் அனுப்பிய தாளில் ஒரே விதிதான் இருந்தது. உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பிரச்சினையைத் தீர்க்கிற மாதிரி ஒரு ரோபோ செய்ய வேண்டும். கடைசி நாள் எது சிறந்தது என்று அவர் வந்து பார்ப்பார். ஜெயித்த குழு தன் ரோபோவை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மற்றதெல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டுச் சென்னைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

உங்கள் வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டதும், எல்லாரும் போனில் பார்த்ததை ஒப்பித்தார்கள். மூன்று குழு தண்ணீர்த் தொட்டி அலாரம். இரண்டு குழு கை நீட்டினால் திறக்கிற குப்பைத் தொட்டி. அதில் ஒரு குழுவுக்குத் தலைவன், எங்கள் தெருவில் இருக்கும் தௌசீப். அவர்கள் வீட்டில் குப்பைத் தொட்டியே கிடையாது, எல்லாம் காலி மனைக்குத்தான் போகும். அது எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே என் கண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

அம்முலுவின் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

"எங்கம்மாவுக்குக் காலு சுடுது மிஸ்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அவள் விளக்கமாகச் சொன்னாள். அவள் அம்மா தேவயானிக்கு எல்லப்பனின் மில்லில்தான் வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும். நெல்லின் மேல் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது, அது மகாலட்சுமி. அதனால் வெறுங்கால்தான். பதினோரு மணிக்கு மேல் களம் தோசைக்கல்.

"ரோபோ கிளறிச்சின்னா அம்மா நெழல்ல குந்திக்கும். நான் ஜெயிச்சி இத்தக் களத்துக்கு எட்துக்கினு போவப் போறேன்" என்றாள். ஆசையாகச் சொல்லவில்லை. ரேஷன் கடைக்குப் போகப் போகிறேன் என்பது மாதிரி சொன்னாள்.

என்னைவிட ஒரு படி மேலான பெண் அவள். நானாவது நடக்கும்போது போனைப் பார்ப்பேன். அவள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பாதத்தை இழுத்து இழுத்து நடந்துகொண்டே இருந்தாள். திரும்பும் இடத்தில் ஒரு சின்னச் சுழற்சி. வாய் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும். "ஏய், உட்காருடி, தலை சுத்துது எனக்கு!" என்று நான் கத்துவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவள் உட்காருவாள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் எழுந்து மறுபடி நடப்பாள். அம்மாவின் நடையை அளக்கிறாள் என்று எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முதலில் ரோபோவின் சக்கரங்களுக்குப் பின்னால் பழைய ரப்பர் செருப்பை வெட்டிப் பாதம் மாதிரி இரண்டு பொருத்தினாள். நெல்லை அழகாகக் கிளறியது. நான் கைதட்டினேன். மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக அதைப் பிய்த்துப் போட்டாள்.

"ஏண்டி, நல்லாத்தானே இருந்துச்சு?"

"செருப்பு மிஸ் அது. நெல்லு மேல படக் கூடாதுன்னு அம்மா திட்டுச்சி."

கொட்டாங்குச்சியைத் தேய்த்துத் தேய்த்து வேறு இரண்டு பாதம் செய்தாள். அதற்கு ஒன்றரை நாள் போயிற்று. விரல்கூட வைத்தாள், ஐந்தைந்து.

ஐந்தாம் நாள் எனக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. பதினோரு மணிக்கு, மற்ற பிள்ளைகளை மோட்டாருக்கு ஒயர் சுற்றச் சொல்லிவிட்டு, அம்முலுவோடு பின்வாசல் வழியாக மில் களத்துக்குப் போனேன். எட்டு பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். சேலையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே சொருகி, தலையில் துண்டு கட்டி. அம்முலு கூடத்தில் நடந்த அதே நடை, திரும்பும் இடத்தில் அதே சுழற்சி. இரண்டு சுற்று முடிந்ததும் எல்லாரும் ஓட்டமும் நடையுமாகத் தகரக் கொட்டகைக்கு வந்து, அங்கே நனைத்துப் போட்டிருந்த கோணியின் மேல் ஏறி நின்றார்கள். கொஞ்சம் பொறுத்துத்தான் உட்கார்ந்தார்கள்.

தேவயானி ஒல்லியாக இருந்தாள். முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. மகளைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள், அவள் முகத்தில் வியர்வையே இல்லாதபோதும்.

"நீ பாய் கடப் பொண்ணு தான? எம் பொண்ணு இன்னாமோ மிஷின் பண்ணுதாமே."

"ஆமாக்கா. நெல்லு கிளற மிஷின். நல்லா பண்றா."

"பண்ணட்டும், பண்ணட்டும்." பாதத்தைக் கோணியில் அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். "அது நல்லா ஓடுச்சின்னா எங்கள வூட்டுக்கு அனுப்பிட மாட்டாங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கூட இருந்த பெண்களும் சிரித்தார்கள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அதற்குள் மேஸ்திரி விசில் அடித்தான். எல்லாரும் எழுந்தார்கள். அம்முலு, நேரம் பார்க்க நான் கொடுத்திருந்த பழைய போனைப் பார்த்து, "ஏழு நிமிஷம்" என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அம்மா கேட்டது அவள் காதில் விழவில்லை. விழுந்தாலும் அது அவளுக்குக் கணக்கில் இல்லை.

நான் அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் மிஷின் ஜெயித்தால் உன் அம்மா நிழலில் உட்கார மாட்டாள், வீட்டில் உட்காருவாள் என்று. சொல்லவில்லை. பிள்ளையின் ஆசையில் மண் போடுவானேன் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த முகாமிலேயே உருப்படியான ரோபோ அது ஒன்றுதான். அது ஜெயித்தால் எனக்கும் பெருமை. சாம்சன் கண்ணில் பட்டால் வேலை ஏதாவது கிடைக்காதா என்ற நப்பாசையும் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு நடை இன்னும் கூடிப் போனது.

எட்டாம் நாள் அவள் லேப்டாப்பில் எழுதியிருந்த கட்டளைகளைப் பார்த்தேன். போ, திரும்பு, போ, திரும்பு என்று இரண்டு சுற்றுக்கு ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே "நில்: 420 நொடி" என்று ஒரு வரி.

"இது என்னடி நானூத்தி இருபது? யாரை ஏமாத்தப் போற?"

"ஏழு நிமிஷம் மிஸ். ரெண்டு சுத்துக்கு ஏழு நிமிஷம் நிக்கணும்."

"எதுக்கு நிக்கணும்?"

என்னை விநோதமாகப் பார்த்தாள். "காலு சுடும் மிஸ்."

"அடியே, அது ரோபோ. அதுக்கு எங்கடி சுடும்?"

"வெறுங்காலு தான மிஸ் வெச்சிக்கீறேன்."

நான் அந்த வரியை அழித்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி இருந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி எழுதினாள். "சாம்சன் சார் மூணே நிமிஷம்தான் வீடியோ எடுப்பார். அதுல உன் ரோபோ மரம் மாதிரி நின்னா எப்படி ஜெயிப்ப?" என்று கத்தினேன். மற்ற பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவள் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் அழவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் அவள் சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது, யாரும் பார்க்காமல் அந்த வரியை எடுத்துவிட்டு ரோபோவில் ஏற்றினேன். எடுத்த கையோடு லேப்டாப்பைப் பூட்டி, கடைசி நாள்தான் திறப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவள் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக.

கடைசி நாள் காலை சாம்சன் காரில் வந்து இறங்கினார். கையில் கேமரா, கழுத்தில் அடையாள அட்டை, எல்லாரிடமும் சிரிப்பு. எல்லப்பன் வெள்ளை வேட்டியில் வந்தார். பத்து நாளும் மதியச் சாப்பாடு போட்டவர் என்பதால் அவர்தான் சிறப்பு விருந்தினர். ஒரு மூட்டை நெல்லையும் அனுப்பியிருந்தார். கூடத்தின் நடுவில் தார்ப்பாய் விரித்து அதில் நெல்லைப் பரப்பினோம். பெற்றவர்கள் வரலாம் என்று சொல்லியிருந்ததால் ஏழெட்டு பேர் சுவரோரம் நின்றார்கள். தேவயானி பின்வாசல் வழியாக, தலையில் துண்டோடு, உமித் தூசியோடு வந்து கை கழுவும் குழாய் அருகே நின்றாள். மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி வந்திருப்பாள் என்று தோன்றியது.

தொட்டி அலாரங்கள் கத்தின. தௌசீப்பின் குப்பைத் தொட்டி கை நீட்டியதும் வாயைத் திறந்தது, சாம்சன் ஒரு காகிதத்தைப் போட்டுச் சிரித்தார். பிறகு அம்முலு தன் ரோபோவை இரண்டு கையாலும் தூக்கி வந்து நெல்லின் மேல் வைத்தாள்.

அது கிளம்பியது. கொட்டாங்குச்சிப் பாதங்கள் நெல்லைப் பிளந்துகொண்டு போயின. கோடு கோணவில்லை. திரும்பும் இடத்தில் அந்தச் சின்னச் சுழற்சி. சுவரோரம் யாரோ "அடேங்கப்பா" என்றார்கள். தேவயானி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் நடையை அவள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு அது திரும்பியபோது அம்முலுவின் முகம் மாறியது.

"சூப்பர்!" என்றார் சாம்சன், கேமராவைக் கீழே இறக்காமலே. "வின்னர் இதுதான்னு நினைக்கிறேன்."

எல்லப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "நிக்காம ஓடிக்கினே கீதே! எங்க களத்துல ரெண்டு சுத்து சுத்துனா போதும், ஓடிப் போயி கொட்டாயில குந்திக்குவாங்க. இந்த மாதிரி நாலு வுட்டா போதுமே. எட்டு பேரு வேல."

"அப்ப எங்கம்மா சார்?" என்றாள் அம்முலு.

"உங்கம்மாவா?" அவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டே, அவள் தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார். "உங்கம்மா வூட்ல ஜாலியா டி.வி. பாத்துக்கினு இருக்கட்டும். இனிமே களத்துல இன்னா வேல?"

எல்லாரும் சிரித்தார்கள். தேவயானி வாயிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டாள். அவள் சிரிக்கவில்லை. ரோபோ ஐந்தாவது சுற்றில் இருந்தது.

அம்முலு அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க தான மிஸ் அழிச்சீங்க?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

குனிந்து ரோபோவை எடுத்தாள். சக்கரங்கள் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தன. "இன்னும் முடியல சார். ஒண்ணு வுட்டுப்போச்சி" என்று சாம்சனிடம் சொல்லிவிட்டு, என் எதிரே வந்து கை நீட்டினாள். நான் லேப்டாப்பைத் திறந்து கொடுத்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எதையோ தட்டினாள். ஒயரைச் செருகினாள், பிடுங்கினாள். மறுபடி நெல்லின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. நின்றது.

சாம்சன் கேமராவோடு காத்திருந்தார். "ஹேங் ஆயிடுச்சாம்மா?"

"இல்ல சார். நிக்குது."

"ஏன் நிக்குது?"

"ரெண்டு சுத்து நட்ந்தா நிக்கணும். காலு சுடும்."

மறுபடி சிரிப்பு. இந்த முறை அவ்வளவு பெரிய சிரிப்பு இல்லை. எல்லப்பன் அவள் பக்கத்தில் குனிந்து, "அத்த எட்த்துடும்மா. இது மிஷினு தான? முன்ன ஓடுச்சே, அப்பிடியே வுடு" என்றார் தன்மையாக.

"முடியாது சார். இது இப்பிடித்தான் ஓடும்."

"அப்ப இத்த வெச்சி எனக்கு இன்னா பிரயோசனம்? அவங்களே நட்ந்துட்டுப் போலாமே."

"ஆமா சார்" என்றாள் அம்முலு. "அவங்களே நடக்கட்டும்."

சாம்சன் வாட்சைப் பார்த்தார். ஒரு நிமிடம் பொறுத்தார், இரண்டு நிமிடம் பொறுத்தார். கேமராவை மூடினார். அடுத்து மதுராந்தகத்தில் இன்னொரு முகாம் இருந்தது அவருக்கு. குப்பைத் தொட்டி ஜெயித்தது. தௌசீப் ஓடிப்போய்ப் பரிசை வாங்கினான். வாங்கும்போது அம்முலுவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எல்லாரும் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லப்பன் வீட்டுப் பிரியாணி வந்து முன் கூடத்தில் இறங்கியதும் கூட்டம் அங்கே போய்விட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் அம்முலு, தேவயானி, நான். நடுவில் நெல்லின் மேல் அந்த ரோபோ. நான் கழற்றிப் பெட்டியில் போட வேண்டியது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன்.

"அது கெளம்பட்டும் மிஸ். அப்பால கழட்டுங்க" என்றாள் அம்முலு.

தேவயானி மகளின் பக்கத்தில், குழாய்ச் சுவரோரம், தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். பாதம் இரண்டும் கறுத்து, குதிகால் வெடித்து, விரலிடுக்கில் உமி ஒட்டியிருந்தது. மகளை அவள் திட்டவில்லை, கொஞ்சவும் இல்லை. "கஷ்டப்பட்டுப் பண்ண. பரிசு பூடுச்சே" என்று மட்டும் சொன்னாள்.

"போனா போவட்டும்."

பின்பக்கம் களத்தில் மேஸ்திரியின் விசில் கேட்டது. தேவயானியின் கை தானாகத் தரையில் ஊன்றியது, சேலையைச் சொருகிக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். அம்முலு அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"குந்து. அது இன்னும் கெளம்பல."

"விசிலு அடிச்சிட்டான்டி."

"அது கெளம்பல, பாரு."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ரோபோ நின்று எட்டு நிமிடம் ஆகியிருந்தது. ஒன்பது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பேட்டரி போய்விட்டதா, ஒயர் விட்டுவிட்டதா என்று மேஜைக்குப் போய் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். நான் அழித்த வரி அதே இடத்தில் இருந்தது. எண் மட்டும் வேறு. "நில்: 1200 நொடி."

"அம்முலு, ஏழு நிமிஷம்தானே?"

"மேஸ்திரி குடுக்கறது ஏழு மிஸ்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல், அம்மாவின் குதிகாலில் ஒட்டிய உமியை ஒவ்வொன்றாக எடுத்தபடி. "இது நான் குட்த்தது."

தேவயானி ஊன்றிய கையை எடுத்தாள். நீட்டியிருந்த காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, குழாய்ச் சுவரில் சாய்ந்தாள். விசில் இன்னொரு முறை கேட்டது, நீளமாக. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்துவிட்டு நானும் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.